விரைவும் நிறைவும்

பழநிமலையைப் பற்றித் தமிழ்நாட்டில் வழங்கும் கதையை அறியாத சிறுவர் இரார். கயிலையில் ஒரு மாங்கனி கிடைத்தது. உலகத்தை முதலில் சுற்றி வருபவருக்கே அக்கனி உரியது என்று சிவபெருமான் கூறினார். இளையவராகிய முருகன் மயில்மேல் ஏறி, மலையும் கடலும் பின்னிட விரைந்தார். மூத்தவராகிய விநாயகரோ தாய்தந்தையரை வலம் வந்து, உலகம் என்பது தமக்கு அவ்விருவரே என்று சொல்லிக் கனியைப் பெற்றார். திரும்பி வந்த முருகன் சினங்கொண்டு தெற்கே வந்து நின்ற இடமே பழநி என்பர். 'பழம் நீ' என்று பெற்றோர் ஆறுதலாகக் கூறிய சொல்லே ஊர்ப்பெயர் ஆயிற்று என்றும் மக்கள் காரணம் கூறுவர்.

இக்கதைக்குச் சமயப் பெரியோர் கூறும் ஆழ்ந்த பொருள் ஒருபுறம் நிற்க, ஊர் காணப் புறப்படுவோர்க்கும் இதில் ஒரு பாடம் உண்டு. உலகத்தைச் சுற்றுதல் வேறு. உலகத்தைக் காணுதல் வேறு. சுற்றுதற்கு விரைவு வேண்டும். காணுதற்கோ நிற்றல் வேண்டும். மயிலினும் விரைந்து செல்லும் ஊர்திகள் மலிந்த இக்காலத்தில், ஊர்தியின் விரைவு பெருகுவதைப் போலவே காண்போரின் அறிவும் மகிழ்வும் பெருகுகின்றனவா என்பது ஆராயத்தக்கது.

மனிதன் தன் கால்களையே நம்பியிருந்த காலத்தில், நாளொன்றுக்கு 30 கிலோமீட்டர் நடப்பதே பெரிதாக இருந்தது. மாட்டுவண்டி மனிதனின் களைப்பைக் குறைத்ததேயன்றிப் பயண நாட்களை மிகுதியாகக் குறைக்கவில்லை. 1856-ஆம் ஆண்டில் சென்னை இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை புகைவண்டி ஓடத் தொடங்கியது. அன்று முதல் தென்னாட்டு மக்களின் காலக்கணக்கே மாறிற்று. 'எத்தனை நாள் வழி?' என்று கேட்டுவந்தவர்கள் 'எத்தனை மணி நேரம்?' என்று கேட்கலாயினர்.

இம்மாற்றத்தின் அடுத்த பெரும்படியை ஜப்பான் நாடு உலகிற்குக் காட்டியது. 1964-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள், டோக்கியோ நகரத்திற்கும் ஒசாகா நகரத்திற்கும் இடையே மணிக்கு 210 கிலோமீட்டர் விரைவில் செல்லும் தொடர்வண்டி ஓடத் தொடங்கியது. அதற்கு 'ஷின்கான்சென்' என்று பெயரிட்டனர். 'புதிய பெருவழி' என்பது அச்சொல்லின் பொருள். அதுவரை அவ்வழியை மிக விரைந்த வண்டி கடப்பதற்கும் ஆறரை மணி நேரம் ஆயிற்று. புதிய வண்டி நான்கு மணி நேரத்தில் கடந்தது. அடுத்த ஆண்டிலேயே மூன்று மணி பத்து நிமிடமாக அது குறைந்தது. இன்று மிக விரைந்த வண்டிக்கு இரண்டரை மணி நேரமும் வேண்டுவதில்லை. 1981-ஆம் ஆண்டில் பிரான்சு நாடு பாரிசுக்கும் லியோனுக்கும் இடையே இத்தகைய வண்டியை ஓட்டியது. 2011-ஆம் ஆண்டில் சீனா பெய்ஜிங்கையும் ஷாங்காயையும் இணைத்து, 1,300 கிலோமீட்டருக்கு மேற்பட்ட தொலைவை ஏறத்தாழ ஐந்து மணி நேரத்தில் கடக்கச் செய்தது. இந்தியாவில் மும்பைக்கும் அகமதாபாத்துக்கும் இடையே அமையும் 508 கிலோமீட்டர் அதிவிரைவுப் பாதைக்கு 2017-ஆம் ஆண்டில் அடிக்கல் நாட்டப்பெற்றது.

இவ்விரைவு எந்திரத்தின் வலிமையால் மட்டும் வந்ததன்று. அதிவிரைவு வண்டிக்கென்று தனிப்பாதை அமைத்தனர். அப்பாதையைச் சாலை எதுவும் குறுக்கிடாதவாறு செய்தனர். வளைவுகளை மிகப் பெரியனவாக அமைத்தனர். பாதையோரத்துக் கைகாட்டியை ஓட்டுநர் கண்டு உணர்வதற்குள் வண்டி அதனைக் கடந்துவிடுமாதலின், குறிப்புகள் யாவும் ஓட்டுநரின் அறைக்குள்ளேயே தோன்றுமாறு செய்தனர். நிலநடுக்கத்தின் முதல் அதிர்வு உணரப்பட்ட அளவிலேயே மின்னோட்டம் நின்று, வண்டி தன் விரைவைக் குறைத்துக்கொள்ளவும் வழி கண்டனர்.

இவற்றினும் வியப்பான செய்தி ஒன்று உண்டு. வண்டி மிகு விரைவில் சுரங்கவழியுள் புகும்போது, உள்ளே இருந்த காற்று நெருக்குண்டு, மறுமுனையில் வெடிபோன்ற ஓசையுடன் வெளிப்பட்டது. அக்கம்பக்கத்து மக்கள் உறக்கம் இழந்தனர். அப்பணியில் இருந்த பொறியாளர் ஒருவர் பறவைகளை உற்றுநோக்கும் பழக்கம் உடையவர். மீன்கொத்தி, நீர் சிதறாமல் குளத்துள் பாய்வதை அவர் எண்ணிப் பார்த்தார். 1997-ஆம் ஆண்டில் ஓடத் தொடங்கிய புதிய வண்டியின் முகப்பு, அப்பறவையின் நீண்ட அலகைப் போல வடிக்கப்பெற்றது. ஓசை அடங்கியது. மணிக்கு 300 கிலோமீட்டர் செல்லும் வண்டிக்கு வழிகாட்டியது, ஒரு நீர்க்கரையில் பொறுமையோடு நின்ற மனிதனின் பார்வை! விரைவுக்கும் தாய், நின்று நோக்கும் நோக்கமே என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

ஆகவே, விரைவைப் பழித்தல் அறியாமையாகும். நோயுற்றாரை மருத்துவமனைக்குக் கொண்டு செல்வதற்கும், பெற்றோரைக் காண மக்கள் ஓடி வருவதற்கும், விளைபொருள் வாடுமுன் சந்தையை அடைவதற்கும் விரைவு வேண்டும். நெடுந்தொலைவுக்கு உந்துவண்டியும் வானூர்தியும் செலவிடும் எரிபொருளை நோக்க, மின்னாற்றலால் பல நூறு பேரை ஒருங்கே ஏற்றிச் செல்லும் தொடர்வண்டி சிக்கனமும் உடையது. பயணத்தில் கழியும் நேரத்தைக் குறைத்துக் கொடுப்பதே விரைவின் தொண்டு. அவ்வாறு மிஞ்சிய நேரத்தை மனிதன் என்ன செய்கின்றான் என்பதே வினா.

டோக்கியோவிலிருந்து ஒசாகாவுக்குச் செல்லும் வண்டியில், வானம் தெளிந்த நாளில் ஃபூஜி மலை வலப்பக்கத்தில் தோன்றும். 3,776 மீட்டர் உயர்ந்து, பனி முடி சூடி நிற்கும் அம்மலையை ஜப்பானியர் தெய்வமாகப் போற்றுகின்றனர். ஓவியரும் புலவரும் அதன் அடிவாரத்தில் ஆண்டுக்கணக்கில் தங்கி அதனைக் கண்டனர். விரைவு வண்டியிலோ சில நிமிடங்களில் அது பின்னே சென்றுவிடும். அதற்குள் தொலைபேசியை எடுத்து, படத்தைச் சரிபார்த்து, நிமிர்ந்து நோக்குபவர் காண்பது வேறு ஊரின் கூரைகளையே. பல்லாயிரம் கிலோமீட்டர் கடந்து சென்றவர், மலையைக் கண்டதாகப் பிறரிடம் கூறுவார். உண்மையில் அவர் கொண்டுவந்தது மலையின் நிழற்படமேயன்றி மலையின் நினைவன்று.

கடல் கடந்து செல்வோர் சிலரே. ஆயினும் இதே வினா தமிழ்நாட்டுப் பழநி மலைத்தொடரின் அடிவாரத்திலும் நாள்தோறும் எழுகின்றது. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் உள்ள கொடைக்கானலுக்குச் செல்லும் வழியின் வரலாறே விரைவின் வரலாறாகும்.

1821-ஆம் ஆண்டில் வார்டு என்னும் ஆங்கில அதிகாரி நில அளவையின் பொருட்டு இம்மலைமீது ஏறினார். 1845-ஆம் ஆண்டில், மதுரைப் பகுதியில் தொண்டு புரிந்த அமெரிக்கச் சமயத் தொண்டர்கள் வெப்பத்திற்கும் நோய்க்கும் அஞ்சி இங்கே முதல் வீடுகளைக் கட்டினர். 1863-ஆம் ஆண்டில் மதுரை மாவட்ட ஆட்சியராக இருந்த லெவிஞ்சு என்பவர் ஓடைக்கு அணையிட்டு இன்றுள்ள ஏரியை அமைத்தார். 1875-ஆம் ஆண்டில் திருச்சிராப்பள்ளியிலிருந்து மதுரைக்கு இருப்புப்பாதை வந்தது. அதன்பின் மலைக்குச் செல்வோர் அம்மையநாயக்கனூர் நிலையத்தில் இறங்கினர். அந்நிலையமே இன்று கொடைக்கானல் ரோடு எனப் பெயர் பெற்று விளங்குகின்றது. அங்கிருந்து இரவெல்லாம் மாட்டுவண்டியில் சென்று, பெரியகுளத்திற்கு அருகில் மலையடியில் உள்ள கிருஷ்ணம்ம நாயக்கன் தோப்பை அடைவர். பின்னர், ஏறத்தாழ 12 மைல் செங்குத்தான ஒற்றையடிப் பாதையில் ஏறுவர். வலிமை உடையவர் நடந்தனர். சிலர் குதிரைமீது சென்றனர். பெண்டிரும் முதியோரும் செல்வரும் டோலியிலும் நாற்காலியிலும் அமர்ந்து பிறர் தோள்மேல் சென்றனர்.

பழைய பயணத்தின் அழகைப் பாராட்டிப் பேசுவோர் இத்தோள்களை மறந்துவிடுதல் கூடாது. டோலியில் அமர்ந்தவர் பள்ளத்தாக்கைக் கண்டார், அருவியைக் கண்டார், முகில் தவழும் முகடுகளைக் கண்டார். டோலியைச் சுமந்தவரோ தம் அடுத்த காலடி பதியும் கல்லையே கண்டார். ஒருவரின் நிதானமான இன்பம் பலருடைய மூச்சிரைப்பின்மேல் அமைந்திருந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கப் பகுதியில், மேஜர் லா என்பவரின் மேற்பார்வையில் வத்தலக்குண்டிலிருந்து மலைச்சாலை அமைந்து, மோட்டார் வண்டிகள் ஏறத் தொடங்கியபோது, அச்சுமை மனிதனின் தோளைவிட்டு இறங்கிற்று. ஆதலின் மெதுவாகச் செல்வதெல்லாம் அறம் என்றும், விரைந்து செல்வதெல்லாம் பிழை என்றும் கருதுதல் ஒருபாற் கோடிய கருத்தாகும்.

அதன்பின் வழி மேலும் எளிதாயிற்று. 1977-ஆம் ஆண்டில் ஓடத் தொடங்கிய வைகை விரைவு வண்டி, சென்னைக்கும் மதுரைக்கும் இடையிலான பயணத்தை ஒரு பகற்பொழுதுக்குள் அடக்கியது. 2019-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் தொடங்கிய தேஜஸ் விரைவு வண்டி, குளிரூட்டிய பெட்டிகளுடன் ஏறத்தாழ ஆறரை மணி நேரத்தில் அத்தொலைவைக் கடந்தது. வழியில் நின்ற மிகச் சில நிலையங்களுள் கொடைக்கானல் ரோடும் ஒன்று. விடியற்காலையில் சென்னையில் ஏறியவர் நண்பகலுக்குள் மலையடிவாரத்தை அடையலாம். அங்கிருந்து மலையுச்சி ஏறத்தாழ 80 கிலோமீட்டர். மாலைக்குள் ஏரிக்கரையில் நிற்கலாம். முன்னோர் பல நாள் உழைத்துப் பெற்ற காட்சியை ஒரே நாளில் பெறுதல் சிறிய பேறன்று.

ஆயின் அப்பேற்றை மக்கள் எவ்வாறு பயன்படுத்துகின்றனர்? இரண்டு நாள் விடுமுறையில் வந்த ஒரு குடும்பத்தை எண்ணிப் பார்க்கலாம். வாடகை வண்டி ஓட்டுநரின் கையில் பத்து இடங்கள் அடங்கிய பட்டியல் இருக்கின்றது. தூண் பாறையில் பத்து நிமிடம். பசுமைப் பள்ளத்தாக்கில் பத்து நிமிடம். பூங்காவில் அரை மணி. அருவியில் வண்டியை நிறுத்த இடம் இன்மையால் ஓட்டத்திலேயே ஒரு பார்வை. தூண் பாறையை முகில் மறைத்திருந்தால், 'ஒன்றும் தெரியவில்லை' என்று திரும்பிவிடுகின்றனர். இன்னும் கால்மணி நேரம் நின்றிருந்தால், திரை விலகுவதுபோல் முகில் விலகி, ஏறத்தாழ 120 மீட்டர் உயர்ந்த பாறைகள் மெல்ல மெல்ல வெளிப்படும் காட்சியைக் கண்டிருப்பர். மலையின் சிறப்பே அவ்வாறு மறைந்து தோன்றுதலில் இருக்கின்றது. பட்டியலில் உள்ளவற்றை அடித்துக்கொண்டே போவார்க்கு அது கிட்டாது.

அவர்கள் இழப்பது உச்சியில் மட்டுமன்று, வழியிலும் இழக்கின்றனர். மலைச்சாலை என்பது ஒரு திறந்த நூலைப் போன்றது. அடிவாரத்தில் புளியும் தென்னையும் மாவும் நிற்கும். சற்று ஏறியவுடன் காப்பித் தோட்டமும் ஆரஞ்சும் மலைவாழையும் தோன்றும். இம்மலைப்பகுதியில் விளையும் விருப்பாட்சி வாழைப்பழமே பழநிப் பஞ்சாமிருதத்திற்குச் சிறப்புத் தருவது. இன்னும் மேலே பேரிக்காயும் உருளைக்கிழங்கும், பூம்பாறை, மன்னவனூர்ப் பக்கங்களில் மலைப்பூண்டும் விளைகின்றன. ஆயிரம் மீட்டர் ஏறுவதற்கு ஏறத்தாழ ஆறு டிகிரி வெப்பம் குறைகின்றமையே இம்மாறுதலுக்குக் காரணம். புவியியல் நூலில் பல பக்கங்களில் படிப்பதை, டம்டம் பாறை அருகே நின்று தலையாறு அருவி ஒரு வெள்ளிக் கோடாய் இறங்குவதைப் பார்த்துக்கொண்டே ஒருவர் கற்றுக்கொள்ளலாம். கண்ணாடியை ஏற்றிவிட்டு வண்டிக்குள் உறங்கி வருவோர்க்கு அந்நூல் மூடிய நூலே.

தமிழர் மலையை நோக்கிய முறை இத்தகையதன்று. மலையும் மலைசார்ந்த நிலமும் குறிஞ்சி எனப்பட்டன. ஒரு பூவின் பெயரே நிலத்தின் பெயர் ஆயிற்று. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய மலைபடுகடாம், மலையில் எழும் பல்வகை ஓசைகளைத் தொகுத்துக் கூறுவதனாலேயே அப்பெயர் பெற்றது. அருவியின் ஒலி, வேடர் ஒலி, விலங்கின் ஒலி என்று ஒவ்வொன்றையும் பிரித்து உணர்ந்த செவி எத்துணைப் பொறுமை உடையது! அது ஆற்றுப்படை என்னும் வகையைச் சார்ந்த நூல். முன்னே சென்று பயன் பெற்றவன், பின்னே வருபவனுக்கு வழி கூறுவதே ஆற்றுப்படை. எவ்விடத்தில் வழி வழுக்கும், எவ்வூரார் என்ன உணவு தருவர், யாரை எவ்வாறு வணங்குதல் வேண்டும் என்பனவெல்லாம் அதில் உண்டு. சென்ற இடத்தின் பெயரை மட்டும் சொல்லாமல், அங்கு வாழும் மக்களின் இயல்பையும் சொல்லுகின்றவனே பயணத்தின் பயனைப் பெற்றவன் என்பது அதன் குறிப்பு.

இப்பழநி மலைப்பகுதியே கடையெழு வள்ளல்களுள் ஒருவனாகிய வையாவிக் கோப்பெரும் பேகனின் நாடு. பழநிக்குப் பொதினி என்பது பழைய பெயர். மழை வளம் மிக்க மலைச்சாரலில் ஒரு மயில் தோகை விரித்து நின்றதைப் பேகன் கண்டான். அது குளிரால் நடுங்குகின்றது என்று கருதித் தன் போர்வையை அதன்மேல் போர்த்தான். மயிலுக்குப் போர்வை வேண்டுமா என்று அறிவினால் கேட்போர் கேட்கலாம். ஆயின் அவன் வழியில் நின்றான். ஒரு பறவையைக் கண்டான். கண்டது கண்ணோடு நில்லாமல் நெஞ்சில் இரக்கமாய் மாறிற்று. தேரை நிறுத்தாமல் சென்றிருந்தால் பேகனும் இல்லை, அவன் புகழும் இல்லை. நின்று நோக்குதலே அன்பின் முதற்படி என்பதை அவ்வள்ளலின் வரலாறு உணர்த்துகின்றது.

அறிவுக்கும் அதுவே முதற்படி. கொடைக்கானலில் 1899-ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற சூரிய ஆய்வுக்கூடம் நூறு ஆண்டுகளுக்கு மேலாகச் சூரியனைப் படம் பிடித்துச் சேர்த்து வந்துள்ளது. 1909-ஆம் ஆண்டில் எவர்ஷெட் என்னும் அறிஞர், சூரியப் புள்ளிகளில் வாயுக்கள் நடுவிலிருந்து வெளிநோக்கிப் பாய்கின்றன என்பதை அங்கிருந்தே கண்டறிந்தார். உலக அறிவியல் நூல்கள் அதனை அவர் பெயராலேயே வழங்குகின்றன. ஒரே பொருளை ஒரே இடத்திலிருந்து நாள்தோறும் நோக்கியதன் பயன் அது. அவ்விடத்திற்கும் சுற்றுலா வருவோர் பலர் பத்து நிமிடமே ஒதுக்குகின்றனர்!

குறிஞ்சிப்பூவும் இதே பாடத்தைத் தருகின்றது. நீலக்குறிஞ்சி 12 ஆண்டுகளுக்கு ஒரு முறையே பூக்கும். பழநி மலையில் 2006-ஆம் ஆண்டிலும் 2018-ஆம் ஆண்டிலும் அது பூத்தது. எத்துணை விரைந்த வண்டியில் ஏறி வந்தாலும் பன்னிரண்டாம் ஆண்டின் பூவைப் பதினோராம் ஆண்டில் காண இயலாது. மனிதன் தூரத்தை வென்றான்; இயற்கையின் பருவத்தை வெல்லவில்லை.

இனி, மலைக்கு நேரும் தீங்கினையும் எண்ணுதல் வேண்டும். பழநி மலையின் பள்ளங்களில் பழமையான சோலைக்காடுகள் இருக்கின்றன. 'சோலை' என்னும் தமிழ்ச் சொல்லையே உலகத் தாவர நூலார் அக்காடுகளுக்குப் பெயராகக் கொண்டனர். பாசி படர்ந்த குட்டை மரங்களும், அவற்றின் அடியில் மெத்தை போன்ற சருகு மண்ணும், சூழ்ந்துள்ள புல்வெளிகளும் மழைநீரைப் பிடித்து வைத்துச் சிறிது சிறிதாக ஓடைகளுக்குக் கொடுக்கின்றன. மஞ்சளாறும் வராக நதியும் மருதா நதியும் தெற்கே இறங்கி வையைக்குச் சேர்கின்றன. வடக்கே சண்முக நதியும் குதிரையாறும் பழநிச் சமவெளியை நனைத்து அமராவதியை நாடுகின்றன. மலைமேல் சோலை அழிந்தால் கீழே வயல் வறளும். மலை, விருந்தினர் பார்த்துவிட்டுப் போகும் காட்சிப்பொருளன்று. பல இலட்சம் மக்களின் தண்ணீர்ப் பானையாகும்.

அப்பானையின் விளிம்பில் இன்று வண்டிகள் வரிசையாக நிற்கின்றன. நெரிசல் மிகுந்தமையால், கொடைக்கானலுக்கும் நீலகிரிக்கும் செல்லும் வண்டிகள் இ-பாஸ் என்னும் அனுமதிச் சீட்டுப் பெறுதல் வேண்டும் என்ற முறை, சென்னை உயர்நீதிமன்றத்தின் ஆணைப்படி 2024-ஆம் ஆண்டு மே 7-ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. 2025-ஆம் ஆண்டுக் கோடையில் கொடைக்கானலுக்கு நாளொன்றுக்கு 4,000 வண்டிகளும், வார இறுதி நாட்களில் 6,000 வண்டிகளுமே செல்லலாம் என வரம்பு கட்டப்பெற்றது. உள்ளூர் வண்டிகளுக்கும், பொதுப் பேருந்துகளுக்கும், விளைபொருள் ஏற்றும் வண்டிகளுக்கும் விலக்கு உண்டு. இவ்வரம்பைத் தடை என்று முணுமுணுப்போர் உளர். வீட்டில் விருந்தினர் பெருகும்போது, 'சிலர் இன்று, சிலர் நாளை' என்று முறை வகுப்பது விருந்தோம்பலுக்கு மாறானதன்று. விருந்தும் நன்கு நடைபெறும், வீடும் இடியாது.

'இருக்கும் விடுமுறையே இரண்டு நாள். அதற்குள் பத்து இடங்களையும் காணாமல் திரும்பினால் செலவழித்த பணம் வீணன்றோ?' என்று சிலர் வினவலாம். வினா நியாயமானதே. எல்லார்க்கும் ஓய்வு மிகுதியாக இல்லை. மறுமுறை வருதற்குப் பலரிடம் பொருளும் இல்லை. ஆயினும் பத்து வகை உணவையும் நுனிநாவால் தொட்டுவிட்டு எழுபவன் பசியோடுதான் எழுவான். இரண்டு வகையை நிறைய உண்டவன் மனநிறைவோடு எழுவான். பத்து இடங்களை விட்டு மூன்று இடங்களைத் தேர்ந்து, ஒவ்வொன்றிலும் இரண்டு மணி நேரம் தங்குபவருக்குச் செலவும் குறையும், களைப்பும் குறையும், நினைவு மட்டும் பெருகும். வண்டியை ஓரிடத்தில் நிறுத்திவிட்டு நடப்பவர், வழியில் பேரிக்காய் விற்கும் மூதாட்டியிடமும் குதிரைக்காரரிடமும் நாலு சொல் பேசுவார். நிற்காத வண்டியால் அவர்களுக்குப் புழுதியே மிச்சம். நிற்கும் மனிதரால் பிழைப்பு உண்டு.

கல்விச் சுற்றுலாவாகக் கொடைக்கானலுக்குச் செல்லும் பள்ளிகள் பல. அவற்றின் மாணவர் இக்கருத்தை உளங்கொள்ளுதல் தகும். புறப்படுமுன் மலையைப் பற்றிச் சிறிதேனும் படித்தல் வேண்டும். அறிந்தவன் கண்ணுக்கே பொருள் புலப்படும். சென்ற இடத்தில் ஒரு கால்மணி நேரமாவது பேசாமல், படம் எடுக்காமல், அமர்ந்து கேட்டல் வேண்டும். மலைபடுகடாம் பாடிய புலவரின் செவி அப்போது சிறிது கிட்டும். கொண்டுசென்ற பொருளின் குப்பையைத் திரும்பக் கொண்டுவருதல் வேண்டும். ஊர் திரும்பியபின், வராத நண்பனுக்கு வழி கூறுவதுபோல் ஒரு பக்கமாவது எழுதுதல் வேண்டும். எழுத முயலும்போதுதான் எதனைக் கண்டோம், எதனைக் காணாமல் வந்தோம் என்பது ஒவ்வொருவருக்கும் தெளிவாகும். 'உலகம் சுற்றிய தமிழன்' என்று புகழப்பெற்ற ஏ.கே. செட்டியார் இருபதாம் நூற்றாண்டில் பல நாடுகளுக்குச் சென்றார். அவர் சென்ற தொலைவினால் மட்டும் தமிழுலகம் அவரை நினைக்கவில்லை. கண்டவற்றைத் தெளிந்த தமிழில் எழுதி, வீட்டில் இருந்தவர்க்கும் உலகத்தைக் காட்டினார் என்பதனாலேயே நினைக்கின்றது.

இன்றைய மாணவர் நாளை அதிவிரைவு வண்டிகளில் ஏறுவர். ஜப்பானையும் பிரான்சையும் காண்பர். அவ்வண்டிகளை வடிக்கும் பொறியாளராகவும் சிலர் விளங்குவர். விரைவு அவர்களுக்கு வேலைக்காரனாக இருக்கட்டும். எசமானாக ஆகாமல் இருக்கட்டும். வழியைக் கடத்தற்கு விரைவு. இடத்தை அடைந்தபின் நிதானம். இவ்விரண்டும் சேர்ந்ததே நிறைந்த பயணம்.

தைப்பூசத் திருநாளுக்குச் செட்டிநாட்டிலிருந்தும் பிற ஊர்களிலிருந்தும் மக்கள் பல நாள் நடந்து பழநிக்கு வருகின்றனர். பேருந்தும் தொடர்வண்டியும் இல்லாமையால் அவர்கள் நடக்கவில்லை. குன்றின்மேல் ஏற இயலாத முதியோர்க்கு இழுவை ஊர்தி உண்டு. 2004-ஆம் ஆண்டு முதல் கம்பிவட ஊர்தியும் உண்டு. அவற்றை ஏற்றுக்கொண்டே, இயன்றவர் படியேறுகின்றனர். அவர்கள் ஏறிச் சென்று காண்பது யாரை? உலகத்தையே ஒரு நொடியில் சுற்றிய மயிலின் தலைவரை. அவரும் அங்கே மயிலை விட்டு இறங்கி, கையில் தண்டூன்றி நின்றுகொண்டே இருக்கின்றார். விரைந்தவர் நின்ற இடம் பழநி. நின்றபின்னரே அவரைப் பழம் என்று உலகம் கொண்டாடிற்று.